போர்டில் ஆண்டவர் பெயர் இருந்தால்

பாளையங்கோட்டையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் எபினேசர், யெகோவாயீரே, பெத்தேல், ஷாலோம் என்று ஆண்டவரோடு சம்பந்தப்பட்ட ஒரு கடைப்பெயர் கண்ணில் படும். என் தையல்கடையும் அந்த வகைதான். பெரியம்மா ஆரம்பித்த கடை, அவர்கள் வைத்த பெயர். 1826-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டின கோவிலின் ஊசிக்கோபுரம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் தெரியும். நாங்கள் ஆராதனைக்குப் போவது வேறொரு சின்னக் கோவிலுக்கு.

இப்படிப் பெயர் வைப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வேறு டெய்லர் சொன்ன தேதிக்குத் துணி தராவிட்டால் "டெய்லர்னாலே அப்படித்தான்" என்று போய்விடுவார்கள். நாங்கள் தராவிட்டால் "போர்டுல ஆண்டவர் பேரு, வாயில பொய்யி" என்பார்கள். பெரியம்மாவிடம் வேலை பழகின காலத்தில் எதிர்க்கடைக்காரரைப் பற்றி ஒரு அக்கா இப்படிச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவர் கடையிலும் சுவர் நிறைய வசனக் காலண்டர்தான்.

கிறிஸ்தவ நடக்கை, பேச்சு என்றதும் கெட்ட வார்த்தை பேசாதே, குடிக்காதே, சினிமா பார்க்காதே என்று ஒரு பட்டியல் நினைவுக்கு வரும். ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தது. கடையில் உட்கார்ந்து பார்த்தால் சோதனை வருகிற இடமே வேறு. நான் பார்த்தவரைக்கும் நமக்கு வாய் தவறுவது கெட்ட வார்த்தையில் இல்லை, நல்ல வார்த்தையில்தான். பக்தியான பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அவ்வளவு சுலபம்.

முதலில் தேதி விஷயம். தீபாவளிக்கு ஆரம்பிக்கிற ஓட்டம் கிறிஸ்துமஸ், புதுவருஷம் தாண்டிப் பொங்கல் வரை நிற்காது. ஒரு ஜாக்கெட்டை வெட்டித் தைப்பது பெரிய வேலை இல்லை. அதற்கப்புறம் ஹெம்மிங், கொக்கி வைக்கிற கைவேலை இருக்கிறது. அதை வீட்டில் இருந்து செய்கிற அக்காமாரிடம் கொடுப்போம். அவர்கள் வீட்டில் ஒரு காய்ச்சல், ஒரு சடங்கு வீடு என்றால் நம் தேதி போச்சு. இதெல்லாம் தெரிந்தும் "செவ்வாய்க்கிழமை வாங்க" என்று வாய் சொல்லிவிடும். சொன்னால்தான் துணியை வைத்துவிட்டுப் போவார்கள். விசுவாசிகளான எங்களிடம் இதற்கு ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. "கர்த்தருக்குச் சித்தமானால் செவ்வாய்க்கிழமை தந்துருவேன்" என்று சொல்லிவிட்டால், தராவிட்டாலும் பழி நம்மேல் இல்லை பாருங்கள்! பைபிளில் யாக்கோபு அந்த வசனத்தை எழுதியது நாளைக்கு நடப்பது தெரியாமல் பெருமையாகத் திட்டம் போடுகிற வியாபாரிகளை அடக்கி வைக்க. ஊசியில் நூல் கோக்காத டெய்லர் தப்பிப்பதற்கு இல்லை.

பெரியம்மா இதில் ரொம்பக் கறார். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்பது மத்தேயு 5:37. புதுவருஷ ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் இது யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. பெரியம்மா இதைக் கட்டிங் டேபிளுக்கு மேலே, கஸ்டமர் கண்ணில் படாமல் தன் கண்ணில் மட்டும் படும்படி ஒட்டி வைத்திருந்தார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்ட முறையைத்தான் இன்றைக்கும் பின்பற்றுகிறேன். நோட்டில் ரெண்டு தேதி எழுதுவேன், மிஷினில் முடிகிற தேதி ஒன்று, கொக்கி வைத்து வருகிற தேதி ஒன்று. கஸ்டமரிடம் சொல்வது ரெண்டாவதை. நவம்பர் கடைசியோடு கிறிஸ்துமஸ் ஆர்டர் குளோஸ். அதற்கப்புறம் எங்கள் சபைப் போதகர் ஐயர் வீட்டிலிருந்து வந்தாலும் "ஜனவரியில தச்சுத் தாரேன்" என்றுதான் சொல்லுவேன். தேதி தவறப் போகிறது என்று தெரிந்தால் முந்தின நாளே போன் பண்ணிவிடுவேன். இது ரொம்ப முக்கியம். தாமதத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். வெயிலில் ஆட்டோ பிடித்து வந்து "இன்னும் ஆகலையேக்கா" என்று கேட்பதைத்தான் பொறுப்பதில்லை.

உண்மை பேசினதால் வியாபாரம் பெருகியது என்று சாட்சி சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. பெருகவில்லை. சிலர் எதிர்க்கடைக்குப் போனார்கள், போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. ஆனால் டிசம்பர் 24 சாயங்காலம் எங்கள் கடை வாசலில் சத்தம் கிடையாது. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் முந்திரிக்கொத்து சுடலாம்.

மிச்சத் துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மீட்டர் பிட்டில் ஒல்லியான பிள்ளைக்குத் தைத்தால் துணி மீறும். அதைச் சுருட்டி ஜாக்கெட்டோடு வைத்துக் கொடுத்துவிட வேண்டும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அளவு எடுக்கிற இடத்துக்கு வருகிறேன். பெண்கள் ரொம்பக் கூசுகிற இடம் அது. ஒருத்தி டேப்பைப் பிடித்து "நாப்பத்திரண்டு" என்று கத்த, இன்னொருத்தி நோட்டில் எழுதுகிற கடைகள் உண்டு. பெஞ்சில் காத்திருக்கிற நாலு பேருக்கும் அந்த நம்பர் கேட்கும். பெரியம்மா டேப்பையும் பென்சிலையும் தானே வைத்துக்கொள்வார்கள், வாய் திறக்க மாட்டார்கள். "என்ன இப்படி உடம்பு போட்டுட்டீங்க", "என்ன இப்படி மெலிஞ்சுட்டீங்க" ரெண்டுமே எங்கள் கடையில் கிடையாது. மெலிந்ததற்குக் காரணம் சுகராக இருக்கலாம், கரு கலைந்ததாக இருக்கலாம், நமக்கு என்ன தெரியும்?

ஒரு நாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு அம்மா வந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டை நீட்டி "இது மாதிரியே தச்சுரும்மா" என்றார்கள். ஆபரேஷனில் ஒரு பக்கத்து மார்பை எடுத்திருந்தது. அந்த அளவு இனிச் சேராது என்று அவர்களுக்கும் தெரியும். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பெரியம்மா ஜாக்கெட்டை வாங்கி மடியில் விரித்து, துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்: "உள்ள லைனிங்ல ஒரு பை மாதிரி வச்சுத் தாரேன். பஞ்சு வச்சுக்கிடலாம், துவைக்கிறப்ப எடுத்துரலாம். கழுத்தைக் கொஞ்சம் ஏத்திருவோம், குனிஞ்சாலும் ஒண்ணும் தெரியாது. அந்தப் பக்கத்துக் கையை மட்டும் அரை இஞ்ச் லூஸா விடுதேன், வீக்கம் வந்தா இறுக்காது. கொக்கி முன்னாடியே இருக்கட்டும்."

அவ்வளவுதான். எப்போ ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, கர்த்தர் சுகம் தருவார், விசுவாசமா இருங்க... ஒன்றும் இல்லை. அந்த அம்மாவின் தோள் இறங்கினதை நான் பார்த்தேன். "கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி பேசுங்கள்" என்று எபேசியர் 4:29-ல் வருகிறதே, அதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு அது புரிந்தது அரை இஞ்ச் லூஸில்தான்.

துணி வாங்க வந்தபோது அவர்களாகவே "எனக்காக ஜெபிச்சுக்கோங்கம்மா" என்றார்கள். பெரியம்மா கேட்ட கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது. "வெள்ளிக்கிழமை கூட்டத்துல பேர் சொல்லி ஜெபிக்கலாமா, இல்ல எனக்குள்ள வச்சுக்கிடவா?" "உங்களுக்குள்ளயே இருக்கட்டும்மா" என்றார்கள். பெரியம்மா கடைசிவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது பெயரும் தெருவும் இல்லாமல் நான் எழுதுகிறதற்கே மனசு கொஞ்சம் யோசிக்கிறது.

நம் ஜெபக்கூட்டங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "சிஸ்டர், இது உங்களுக்குள்ள இருக்கட்டும், ஜெபிக்கிறதுக்காகத்தான் சொல்லுதேன்" என்று ஆரம்பிக்கிற எதுவும் ஒருவருக்குள் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வெள்ளி சாயங்காலம் ஜெபக் குறிப்பாகச் சொன்னது, ஞாயிறு ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நிற்கும்போது செய்தியாகிவிடும். பெயரைச் சொல்லாமல் "நம்ம தெருவுல ஒரு சகோதரி, மகளை மாப்பிள்ளை வீட்டுல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க" என்பார்கள். தெருவில் கல்யாணம் பண்ணிக் கொடுத்த மகள்கள் எத்தனை பேர்? கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? முன்பெல்லாம் ஒரு வாரம் பிடித்தது, இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் கூப்பின கை படத்தோடு ராத்திரிக்குள் போய்விடுகிறது.

நான் வைத்திருக்கிற வழக்கம் இதுதான். அடுத்தவர் விஷயத்தை ஜெபக் குறிப்பாகச் சொல்வதற்கு முன்னால், சம்பந்தப்பட்டவரிடம் கேட்பேன். கேட்க முடியாவிட்டால் தனியாக ஜெபித்துக்கொள்வேன். ஆண்டவருக்கு விவரம் ஏற்கெனவே தெரியும். எங்கள் கூட்டத்தை நடத்துகிற அக்காவும் இப்போது "அவங்க உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்களா?" என்று சாந்தமாகக் கேட்கிறார்கள். குறிப்புகள் பாதியாகக் குறைந்துவிட்டன. கூட்டம் சீக்கிரம் முடிகிறது.

கடையில் புறணியை நிறுத்துவது வேறு வித்தை. "அடுத்தவங்களைப் பத்திப் பேச வேண்டாம்க்கா" என்றால் மூஞ்சி சுண்டிப் போகும், நாமும் பைபிளில் வருகிற, தங்களையே நீதிமான்கள் என்று காட்டிக்கொண்ட பரிசேயர் மாதிரி ஆகிவிடுவோம். பெரியம்மா நடுவில் புகுந்து "அது சரி, கைக்கு லேஸ் வைக்கணுமா, பைப்பிங் போதுமா?" என்பார்கள். நல்ல பட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு மருமகளைப் பற்றித் தொடர்ந்து பேச யாராலும் முடியாது.

ஆனால் வாயைக் கட்டுவது எல்லா இடத்திலும் பரிசுத்தம் ஆகிவிடாது. அளவு எடுக்கும்போது முதுகில் கன்றிப்போன தழும்பு தெரிந்தால் அது லேஸைப் பற்றிக் கேட்கிற நேரம் இல்லை. "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு, மாறிருவாரு" என்று அனுப்புவதை நான் பாவம் என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்டவர்களிடம் தனியாக உட்கார்ந்து, 181 என்று பெண்களுக்கான உதவி எண் இருப்பதையும், குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-லேயே சட்டம் வந்துவிட்டதையும், போவதானால் நான் கூட வருகிறேன் என்பதையும் சொல்வேன். முடிவு அவர்களுடையது. பேச முடியாதவனுக்காக உன் வாயைத் திற என்று நீதிமொழிகள் 31-ல் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் அன்னையர் தினத்துக்கு நாம் வாசிப்பது குணசாலியான ஸ்திரீயை மட்டும்.

துக்க வீட்டிலும் நம் வாய் ரொம்ப ஓடுகிறது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று போனவர்கள் எல்லாரும் சொல்கிறோம். யோபு புத்தகத்தில் அதைச் சொன்னது பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு. பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் அவர்கள்மேல் குற்றம் இல்லை. வாயைத் திறந்த பிறகுதான் வினை. எங்கள் பக்கத்தில் வாலிபப் பையன் ஒருவன் பைக் விபத்தில் இறந்த வீட்டில், "தேவதூதன் மாதிரி பிள்ளை, அதான் ஆண்டவர் எடுத்துக்கிட்டார்" என்று ஒருவர் சொன்னார். அந்தத் தாய் தலையை நிமிர்த்தி, "உங்க பிள்ளையை எடுக்கலியே" என்றாள். வீடே அமைதியாகிவிட்டது. அதற்கப்புறம் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி கொடுத்தவர், ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போய் பால் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டிருந்த தெற்குத் தெரு சித்திதான். பதினாறு நாள் கழித்துக் கூட்டமெல்லாம் கலைந்தபின் போவது இன்னும் நல்லது. அப்போது பையனைப் பற்றிப் பேசலாம். பெயரைச் சொல்லிப் பேச அந்தத் தாய்க்கு ஆசையாக இருக்கும்.

அக்கம்பக்கத்தாரோடு பழகுவதில் பிரசாதம்தான் பெரிய கேள்வி. கத்தோலிக்கச் சிநேகிதிகள் பலர் வாங்கிக்கொள்கிறார்கள், எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதினது ரெண்டு பக்கமும் இடம் தருகிறது: முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு, படைத்தது என்று சொன்னால் சொன்னவர் நிமித்தம் சாப்பிடாதே. எதைச் செய்தாலும் மூஞ்சியைச் சுளித்து "நாங்க இதெல்லாம் தொட மாட்டோம்" என்று சொல்வதற்கு அதில் இடமே கிடையாது. எங்கள் அடுத்த வீட்டு ஆச்சியிடம் பெரியம்மா முன்னாடியே பக்குவமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் பொங்கலுக்கும் கொழுக்கட்டைக்கும் ஆச்சி எங்கள் பங்கைப் படைக்கிறதுக்கு முன்னால் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். "இது உங்களுக்குன்னு முதல்லயே எடுத்தது" என்று சொல்லித்தான் தருவார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நாம் பதில் செய்ய வேண்டாமா? கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். ஆச்சி வீட்டுப் பேரன் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பான். அந்த வீட்டுக்கு முட்டை போட்ட கேக்கை அனுப்பக் கூடாது. முந்திரிக்கொத்தும் அதிரசமும் அனுப்புவோம். மேலப்பாளையத்திலிருந்து வருகிற முஸ்லிம் கஸ்டமர்களைச் சாப்பிடக் கூப்பிட்டால், கறி எந்தக் கடையில் வாங்கினோம் என்று அவர்கள் கேட்கிற சங்கடம் வராமல் நாமே சொல்லிவிட வேண்டும்.

கேரல் ரவுண்ட்ஸ் போகிற தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடு சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று நீதிமொழிகள் 27:14 சொல்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு டிரம் அடித்துக்கொண்டு கைக்குழந்தை இருக்கிற தெருவுக்குள் நுழையும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் மிஷின் தைக்கிற பிள்ளைகளில் ரெண்டு பேர் இந்துப் பிள்ளைகள். அவர்களிடம் நான் சுவிசேஷம் சொல்வதில்லை என்று சபையில் சிலருக்கு வருத்தம். சம்பளம் கொடுக்கிறவள் பிரசங்கம் பண்ணினால் அந்தப் பிள்ளை எழுந்து போக முடியுமா? தலையாட்டத்தான் முடியும். நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லத்தான் பேதுரு எழுதினார். கேட்டால் சொல்லுவேன். கேட்காதவரை சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள் கூலியைக் கையில் கொடுப்பதுதான் என் வேலை. பாட்டுப் பெட்டியில் நாள் முழுக்க நம் பாட்டையே போடுவதில்லை, அவர்களும் அவர்கள் பாட்டைப் போடுவார்கள்.

இப்படியெல்லாம் இருந்தால் எல்லாரும் நம்மோடு சமாதானமாக இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சபையிலேயே ஒருவர், நான் தைத்த ஜாக்கெட் அக்குளில் பிடிக்கிறது என்று என்னைத் தவிர எல்லாரிடமும் சொல்லியிருந்தார். சகோதரன் குற்றம் செய்தால் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" போய்ப் பேசு என்பது மத்தேயு 18. சரி, நாமே போவோம் என்று ஒரு திங்கட்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். "ஜாக்கெட்டைத் தாங்கக்கா, பிரிச்சுச் சரி பண்ணித் தாரேன், காசு வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன், யார் சொன்னார்கள் என்று பேச்சை எடுக்கவில்லை. ஜாக்கெட்டைத் தந்தார்கள், சரி பண்ணிக் கொடுத்தேன். அதற்கப்புறமும் அவர்கள் வேறு கடையில்தான் தைக்கிறார்கள். கோவிலில் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வோம், அதற்கு மேல் பேச்சில்லை. போன வருஷம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, போனேன். பொண்ணு மேடைக்கு வரும்போது ஜாக்கெட் கை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த மதினி முழங்கையால் இடித்து, கண்ணாலேயே அதைக் காட்டினார்கள்.

"பந்தி போட்டாச்சு மதினி, எந்திரிங்க" என்றேன்.